நாலு கம்பியில் ஒரு மாண்டலின்

சென்ற மாதம் ரொறன்ரோவிலிருந்து பழைய நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். மன்னார்ப் பெருநிலப்பரப்பில் அடம்பன் பக்கத்துப் பாடசாலை ஒன்றிற்கு அவர்களுடைய ஊர்ச்சங்கம் உதவி செய்யப் போகிறதாம். ஒலிபெருக்கித் தொகுதி கொடுப்பதா, கணினி கொடுப்பதா, விளையாட்டுச் சீருடை கொடுப்பதா என்று செயற்குழுவில் மூன்று கட்சிகள். "நீங்கள் பத்திரிகைக்காரர், ஊர் ஊராகத் திரிந்தவர், ஒரு யோசனை சொல்லுங்கள்" என்றார்.

"ஆறு மாண்டலின், இரண்டு கிற்றார், ஒரு மத்தளம். அத்தோடு வாரம் இரண்டு நாள் வந்து சொல்லிக்கொடுக்க ஓர் ஆளுக்கு இரண்டு வருடச் சம்பளம்" என்றேன்.

நண்பர் நன்றாகச் சிரித்தார். சிரித்து முடித்ததும், "அந்தச் சனத்துக்கு இப்ப மாண்டலினே அவசரம்?" என்று கேட்டார். அவருக்குத் தொலைபேசியில் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. எழுதிப் பழகியவனுக்குப் பேச்சில் வாதம் வராது. ஆகவே இங்கே எழுதுகிறேன். அவரும் இதனை வாசிப்பார் என்பது தெரியும்.

அடம்பன் என்றதும் பலருக்கு அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்ற பழமொழிதான் நினைவுக்கு வரும். மன்னார் மாவட்டத்தின் மாந்தை மேற்குப் பிரிவில் இருக்கும் அடம்பன், கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பி நெல் விளைக்கும் கிராமம். ஒருபுறம் திருக்கேதீச்சரம், இன்னொருபுறம் மடு. தேவாரம் கேட்கும் காற்றிலேயே தேவாலய மணியும் கேட்கும். நான் முதன்முதலாக அங்கே போனது 2003 ஆம் ஆண்டில். போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி ஒரு வருடம் கடந்திருந்தது. மன்னாரிலிருந்து உயிலங்குளம் சோதனைச்சாவடி வரைக்கும் ஓர் அரசாங்கம், அதற்கப்பால் இன்னோர் அரசாங்கம். இரண்டு பக்கமும் பையைக் கொட்டிக் காட்டிவிட்டு, மீள்குடியேற்றம் பற்றி ஒரு கட்டுரைத் தொடர் எழுதுவதற்காகப் போயிருந்தேன்.

மாலையில் ஒரு வீட்டு முற்றத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, அடுத்த வளவிலிருந்து கம்பி வாத்தியம் ஒன்றின் ஓசை கேட்டது. கிற்றாரும் இல்லை, வீணையும் இல்லை. ஓசையைப் பின்தொடர்ந்து போனால், எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் வாங்கில் அமர்ந்து, மாங்காய் வடிவில் அரைவயிறு புடைத்த ஒரு மாண்டலினை மீட்டிக்கொண்டிருந்தார். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அண்ணாவியார் என்றே சொல்கிறேன். ஊரில் அப்படித்தான் அழைத்தார்கள், அவருடைய தகப்பனாரும் கூத்துப் பழக்கிய அண்ணாவியார்தான்.

"தம்பி, இது எட்டுக் கம்பி இருக்க வேண்டிய வாத்தியம். எனக்கு நாலுதான் மிச்சம். அதிலையும் ரெண்டு சைக்கிள் பிறேக் கம்பியிலை பிரிச்சு எடுத்த இழை" என்றார்.

அறுபதுகளில் கொழும்புத் துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில் வாங்கியதாம். ஊருக்குத் திரும்பிய பிறகு தேவாலயப் பாடகர் குழுவில் வாசித்தார். கலியாண வீடுகளில் பைலா வாசித்தார். 1990 ஆம் ஆண்டிலிருந்து பொருளாதாரத் தடை. மின்கலமே வராத ஊருக்கு மாண்டலின் கம்பி எங்கிருந்து வரும்? சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் வானொலிப் பெட்டியின் கம்பியை இணைத்து, ஒருவர் மிதிக்க நாலுபேர் இருந்து திருச்சி வானொலி கேட்ட காலம் அது. வடபுலத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. அப்படி ஒரு நாள் மிதித்துக் கேட்டபோதுதான் மாண்டலின் சீனிவாசனின் கச்சேரி ஒன்று அவர் காதில் விழுந்ததாம். "பேரன் மிதிச்சுக்கொண்டிருந்தவன். அவன் களைக்கக் களைக்கப் பாட்டும் இழுபட்டது. இறங்கடா எண்டு சொல்லிப்போட்டு நானே ஏறி மிதிச்சன்."

கோபுரத்தில் நடக்கும் கச்சேரியைக் கீழே நின்று கேட்பதுபோல அவர் அதைக் கேட்டிருக்கவில்லை. தன் கையிலிருக்கும் அதே வாத்தியத்தில் ஒருவன் இப்படியும் செய்கிறான் என்று கேட்டிருக்கிறார். அந்த வேறுபாடு முக்கியமானது.

சீனிவாசனைப் பற்றி வாசகர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. ஆயினும் சில விடயங்களை நினைவூட்டலாம். 1969 இல் ஆந்திராவின் பாலகொல்லுவில் பிறந்தவர். தகப்பனார் சத்தியநாராயணா கிளாரினட் வாசித்தவர். வீட்டிலிருந்த மாண்டலினைப் பையன் ஆறு வயதளவில் எடுத்து நோண்டத் தொடங்கினான். குருவாக வாய்த்த ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். அவருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பையன் அதைக் கம்பியில் தேடிப் பிடிப்பான். 1978 இல் குடிவாடாவில் முதற் கச்சேரி, 1981 இல் சென்னை மேடை. அப்போது வயது பன்னிரண்டு.

மாண்டலினில் கர்நாடக இசை வாசிக்க முடியாது என்பது அன்றைய பொதுக் கருத்து. அதற்குக் காரணமும் இருந்தது. மீட்டியவுடன் ஓசை அறுந்துபோகும் வாத்தியம் அது. இத்தாலியர்கள் அதை நீட்டுவதற்காக ஒரே சுரத்தைப் படபடவென்று திரும்பத் திரும்ப மீட்டுவார்கள். கம்பிகள் சோடி சோடியாக இறுக்கிக் கட்டப்பட்டிருப்பதால் இழுத்துக் கமகம் பிடிக்கவும் இயலாது. சீனிவாசன் சோடிகளைக் கழற்றி எறிந்தார். ஐந்து ஒற்றைக் கம்பிகள், மின் மாண்டலின். ஓசை நீண்டது, கம்பி வளைந்தது. தோடியும் காம்போதியும் அதற்குள் வந்து உட்கார்ந்தன. பின்னர் ஜோன் மக்லாக்லினோடும் ஸாகிர் ஹுசைனோடும் உலகெங்கும் போய் வாசித்தார். 2014 செப்ரெம்பர் 19 ஆம் திகதி, நாற்பத்தைந்து வயதில் சென்னையில் மறைந்தார். அன்றிரவு நான் செய்தியைக் கேட்டுவிட்டு நெடுநேரம் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன்.

இனி என் கதைக்கு வருகிறேன். எனக்கு மாண்டலின் பைத்தியம் பிடித்தது சீனிவாசனால் அல்ல. சொன்னால் நம்பமாட்டீர்கள், அமெரிக்க மலைநாட்டுச் சங்கீதத்தால்.

எழுபதுகளின் நடுப்பகுதி. கொழும்பில் இரவுநேரப் பணி. எங்கள் தமிழ்ப் பிரிவுக்கு அடுத்த அறையில் ஆங்கிலப் பத்திரிகையின் துணையாசிரியராக ஒரு பறங்கிய முதியவர் இருந்தார். கடைசிப் பக்கம் அச்சுக்குப் போனதும் தன் வீட்டுக்கு அழைத்துப்போய் இசைத்தட்டுப் போடுவார். இலங்கையில் ஜிம் ரீவ்ஸ் பாடாத வீடு கிடையாத காலம். ஆனால் அவருக்கு ஜிம் ரீவ்ஸ் பிடிக்காது. "அது பஞ்சணை, இது கட்டாந்தரை" என்று சொல்லி ஒருநாள், அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த மைத்துனர் அனுப்பிய பில் மன்றோவின் இசைத்தட்டைச் சுழலவிட்டார்.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. மூக்கால் கிழித்துக்கொண்டு மேலேறும் குரல். பாம்பு துரத்துகிறாற்போல ஓடும் வாத்தியங்கள். மூன்றாவது பாட்டில் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தக் குரலை நான் எங்கோ கேட்டிருக்கிறேன். எங்கே என்று பிடிபடவில்லை. அன்றிரவு விடுதிக்கு நடந்து வரும்போது பிடிபட்டது. தவக்காலத்தில் எங்கள் பக்கத்துத் தேவாலயங்களில் வியாகுலப் பிரசங்கம் பாடும் கிழவர்களின் குரல் அது. கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார் (1676–1742) இயற்றியதாக வழங்கும் அந்தப் பிரசங்கத்தைப் பெரிய வெள்ளியை ஒட்டிய இரவுகளில் உச்சக்குரலில் இழுத்துப் பாடும்போது, அழகாகப் பாட வேண்டும் என்ற எண்ணம் யாரிடமும் இராது. மனிதன் தன் துக்கத்தை ஆண்டவனுடைய துக்கத்தோடு சேர்த்து இறக்கி வைக்கிற குரல் அது. அமெரிக்கர்கள் இத்தகைய குரலை உயரத்துத் தனிமை என்ற பொருள்படும் சொற்களால் அழைக்கிறார்கள். நாங்கள் ஒப்பாரி என்போம்.

புளூகிராஸ் என்ற பெயர் கென்ரக்கி மாநிலத்துப் புல்லிலிருந்து வந்தது. மன்றோ தன் குழுவுக்கு வைத்த பெயர்தான் பிறகு இசைவகைக்கே பெயரானது. பலரும் அதனை நூற்றாண்டுகள் பழைமையான கிராமியக் கலை என்று நினைக்கிறார்கள். நானும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் அது அச்சுக்கோர்ப்பு இயந்திரத்தைவிட இளையது. மன்றோ 1939 இல் குழு அமைத்தார். 1945 இன் இறுதியில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் என்ற இளைஞர் மூன்று விரலால் பாஞ்சோ மீட்டும் தன் முறையோடு வந்து சேர்ந்தார். அடுத்த இரண்டு மூன்று வருடங்களில் மாண்டலின், பிடில், பாஞ்சோ, கிற்றார், நிமிர்த்தி வைத்து வாசிக்கும் பெரிய பாஸ் என்ற ஐந்தும் சேர்ந்து ஒரு புதிய ஓசை பிறந்தது. ட்ரம்ஸ் கிடையாது. எல்லோரும் ஒரே ஒலிவாங்கியைச் சுற்றி நின்று, தன் முறை வரும்போது முன்னே வந்து வாசித்துவிட்டுப் பின்னே நகர்வார்கள். தாளத்தைப் பிடித்து நிறுத்துவது மாண்டலின்தான். கம்பிகளை வெட்டி அடிக்கும் அந்தச் 'சக், சக்' ஓசை எங்கள் கூத்துமேடையில் அண்ணாவியாரின் கைத்தாளம் செய்யும் வேலையைச் செய்கிறது.

இந்த ஐந்து வாத்தியங்களில் ஒன்றாவது அந்த மலையில் பிறந்ததா? பிடில் ஐரோப்பாவிலிருந்து வந்தது. மாண்டலின் நாப்போலித் தெருக்களின் பிள்ளை. பாஞ்சோ ஆபிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட மனிதர்களின் நினைவிலிருந்து உருவானது. மன்றோவுக்கே தாளத்தின் நெளிவைக் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர் ஆர்னல்ட் ஷூல்ட்ஸ் என்ற கறுப்பின கிற்றார்க் கலைஞர். மன்றோ அதை மறைக்கவில்லை. ஆனால் வெள்ளையர்களின் மலைச் சங்கீதம் என்று முத்திரை குத்தி விற்றவர்கள் அதை மறந்தார்கள். பறையடித்தவனை முற்றத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு, அவன் அடித்த தாளத்துக்கு உள்ளே இருந்து தலையாட்டிய நமக்கு இந்த மறதி புதிதல்ல.

மன்றோவின் இளமைக் கதையை நான் வாசித்தது மிகப் பிந்தி. 1911 இல் ரோசீன் என்ற சிற்றூரில் எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார். பத்து வயதில் தாயை இழந்தார், பதினாறில் தகப்பனை. பிடில் வாசிக்கும் மாமன் வீட்டில் வளர்ந்தார். அண்ணன்மார் பிடிலையும் கிற்றாரையும் எடுத்துக்கொண்டதால் இவருக்கு மிஞ்சியது மாண்டலின். அதிலும் ஒரு நிபந்தனை. சின்னவன் வாசிக்கும் ஓசை பெரியவர்களை அமுக்கிவிடக்கூடாது என்று, எட்டுக் கம்பியில் நாலை மட்டுமே பூட்டிக்கொள்ள விட்டார்களாம்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். நாலு கம்பி. என் கண்முன்னால் கென்ரக்கி வரவில்லை. அடம்பனில் வாங்கில் இருந்த கிழவர்தான் வந்தார். ஒருவருக்கு அண்ணன்மார் வைத்த தடை, இன்னொருவருக்கு அரசாங்கம் வைத்த தடை.

மன்றோ ஊரில் இருந்துகொண்டே பாடியவர் அல்லர் என்பதையும் புலம்பெயர்ந்த வாசகர்கள் கவனிக்க வேண்டும். பதினெட்டு வயதில் வடக்கே இந்தியானாவுக்குப் போய் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் பீப்பாய் கழுவினார். மலைநாட்டு ஏழைகள் ஆயிரமாயிரமாக டிட்ரொய்ட்டுக்கும் சின்சினாட்டிக்கும் டேற்றனுக்கும் ஆலை வேலைக்காகப் போன காலம் அது. அந்த நகரங்களின் மதுச்சாலைகளிலும் வாடகை வீடுகளிலும்தான் புளூகிராஸ் காலூன்றியது. பாட்டின் பொருளைப் பாருங்கள்: விட்டுவந்த வீடு, அம்மாவின் கல்லறை, தூரத்தில் கூவும் புகையிரதம், மறுகரையில் சந்திப்போம் என்ற நம்பிக்கை. ஊரை விட்டவன்தான் ஊர்ப்பாட்டைக் கண்டுபிடிக்கிறான். ஸ்காபரோவிலும் லா ஷப்பலிலும் இருப்பவர்களுக்கு நான் இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அவர்கள் ஆலைவேலை முடிந்து வந்து ஒரு சமையலறையில் வட்டமாக இருந்து வாசித்தார்கள். நாம் மண்டபம் எடுத்து அரங்கேற்றம் வைக்கிறோம். அழைப்பிதழுக்கு ஒரு செலவு, ஆடை அலங்காரத்துக்கு ஒரு செலவு, இந்தியாவிலிருந்து பக்கவாத்தியக்காரரை இறக்க ஒரு செலவு, பிரதம விருந்தினருக்குப் பொன்னாடை. அரங்கேற்றம் முடிந்த மறுவாரம் பிள்ளை வாத்தியத்தை உறையிலிட்டுப் பல்கலைக்கழகம் போய்விடும். பத்திரிகைக்காரன் என்ற முறையில் இத்தகைய விழாக்கள் எத்தனையோவற்றுக்கு நான் பாராட்டுக் குறிப்பு எழுதியிருக்கிறேன். கை கூசாமல் எழுதினேன் என்று சொல்லமாட்டேன். ஊரிலும் நிலைமை வேறல்ல. அங்கே அரங்கேற்றத்தின் இடத்தில் பரீட்சை இருக்கிறது. சங்கீதம் படிக்கும் பிள்ளையிடம் ஒரு பாட்டு வாசி என்று கேட்டால், "நான் நாலாம் தரம் பாஸ்" என்று பதில் வருகிறது.

நான் மாண்டலின் வாங்கியது ஓய்வுபெற்ற மறுவருடம், 2011 இல். அறுபத்திரண்டு வயது. வத்தளையில் ஒரு பழைய பைலாக் கலைஞர் கற்பித்தார். முதல் மூன்று மாதம் விரல் நுனியில் கொப்புளம். சோடிக் கம்பிகளைச் சுருதி சேர்ப்பது இருக்கிறதே, அது ஒற்றுமையில்லாத இரண்டு கட்சிகளைக் கூட்டணியில் வைத்திருப்பதற்குச் சமன். ஒன்றைச் சரிசெய்து நிமிர்வதற்குள் மற்றது இறங்கியிருக்கும். வயலினுக்கு உள்ள அதே சுருதியமைப்புத்தான், ஆனால் மெட்டுகள் இருப்பதால் வயலினைப் போல ஆரம்பத்திலேயே காதைக் கிழிக்காது. குழந்தைகளுக்கு இது ஒரு பெரிய வசதி. பத்தாவது வகுப்பிலேயே ஒரு எளிய பாட்டு வந்துவிடும். பக்கத்து வீட்டார் பொறுத்துக்கொள்வார்கள். விரல் பதிக்கும் பலகையும் சிறியது, சின்னக் கைக்கு எட்டும். நண்பரே, நான் மாண்டலினைப் பரிந்துரைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஐந்து வருடம் முயன்றபின்தான் மன்றோவின் மெட்டு ஒன்றைப் பாதி வேகத்திலாவது வாசிக்க முடிந்தது. முழு வேகம் இப்பிறவியில் இல்லை. அதைப் பற்றிக் கவலையும் இல்லை.

இனி நண்பர் கேட்கக்கூடிய அடுத்த கேள்வி. "நம்முடைய கலையே அழிந்துகொண்டிருக்கும்போது அமெரிக்கனுடைய பாட்டு எதற்கு?" அடம்பன் பிள்ளைகள் கென்ரக்கிப் பாட்டுப் பாட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் பாடுவதற்கு மாதோட்டத்தில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்கிறேன். மன்னார்க் கூத்து மரபில் மாதோட்டப் பாங்கு என்றும் யாழ்ப்பாணப் பாங்கு என்றும் இரண்டு ஓட்டங்கள் உண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அறுபதுகளில் பதிப்பித்து அச்சேற்றிய நாடகங்களுள் 'எண்டிறீக்கு எம்பரதோர்' இந்த மண்ணுக்குரியது. பெயரைக் கவனியுங்கள். போர்த்துக்கேய மொழியில் ஹென்றிச் சக்கரவர்த்தி என்று பொருள். அந்நியனுடைய அரசனை, அந்நியனுடைய மதத்தை, எங்கள் விருத்தத்திலும் தருவிலும் அடக்கி, மத்தளத்தோடு விடியவிடிய ஆடிய சனங்கள் இவர்கள். இவர்களுக்கு ஓர் இத்தாலிய வாத்தியம் அந்நியமா? வயலினை முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் ஏந்தியபோது அதுவும் வெள்ளைக்காரன் சாமான்தான். ஹார்மோனியத்தை அந்நியம் என்று இந்திய வானொலி 1940 இல் தடைசெய்து, முப்பது வருடம் கழித்துத் தளர்த்தியது. இடைப்பட்ட காலத்தில் நாடகக்காரனும் பஜனைக்காரனும் அதை விட்டுவிட்டார்களா?

இரண்டு மரபுகளும் ஒன்றாக அமர்ந்து வாசித்த சான்றும் உண்டு. ராஜஸ்தானைச் சேர்ந்த விஸ்வமோகன் பட் தன் மோகன வீணையோடு, புளூகிராஸ் உலகின் ஜெரி டக்ளஸுடன் சேர்ந்து 1995 இல் வெளியிட்ட 'பூர்பன் அன்ட் ரோஸ்வாட்டர்' இசைத்தொகுப்பைக் கேட்டுப் பாருங்கள். யாரும் யாருக்காகவும் தன் மொழியை விட்டுக்கொடுக்கவில்லை.

கூத்துப் பாட்டுகள் இன்று எங்கே இருக்கின்றன? வசனமும் பாட்டும் சில வீடுகளில் கொப்பிகளாக இருந்தன. இடப்பெயர்வில் பெரும்பகுதி போய்விட்டது. மெட்டுகள் கொப்பியில் எழுதப்படுவதே இல்லை, அவை கிழவர்களின் தொண்டையில் இருந்தன. கிழவர்கள் ஒவ்வொருவராகப் போகிறார்கள். ஒலிப்பதிவு செய்யலாம்தானே என்பீர்கள். செய்ய வேண்டும், சிலர் செய்துமிருக்கிறார்கள். ஆனால் ஒலிநாடாவில் இருக்கும் மெட்டு உப்பிலிட்ட மீன் மாதிரி. கெடாது, நீந்தவும் நீந்தாது. ஒரு பிள்ளையின் விரலில் ஏறினால்தான் அந்த மெட்டு அடுத்த முப்பது வருடத்துக்கு நடமாடும். சுப்பராஜு பாடப் பாடச் சீனிவாசன் பிடித்த முறைதான் இதற்கும் வழி. அண்ணாவி பாடட்டும், பிள்ளை தேடட்டும். வாத்தியாருக்கு மாண்டலின் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை.

அவசரம் என்ன என்று கேட்டீர்கள் அல்லவா? 2003 இல் நான் சந்தித்த அண்ணாவியாரிடம், அடுத்தமுறை வரும்போது ஒரு தொகுதிக் கம்பி வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கொழும்பில் அதன் விலை பெரிதல்ல. வாங்கியும் வைத்தேன். பிறகு வேலை, பிறகு பாதை, பிறகு 2006 இல் மறுபடி சண்டை. 2008 மே மாதத்தில் அடம்பனை இராணுவம் கைப்பற்றிய செய்தியை நான்தான் பக்கம் வைத்தேன். எட்டுப் பத்தித் தலைப்புக்கு எழுத்து எண்ணிக்கொண்டிருந்தபோது மேசை லாச்சியில் அந்தக் கம்பிப் பொட்டலம் கிடந்தது.

2010 இல் போனேன். வீட்டுக்குக் கூரை இல்லை. அவருடைய மகள் தறப்பாள் கொட்டிலில் இருந்தார். தகப்பனார் 2009 இல் செட்டிகுளம் முகாமில் இறந்துவிட்டார் என்றார். வாத்தியத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, கேட்க வாய் வரவில்லை. அவராகவே சொன்னார். "தர்மபுரம் மட்டும் கொண்டு போனோம் ஐயா. அங்கை அரிசிச் சாக்கைத் தூக்கிறதோ இதைத் தூக்கிறதோ எண்டு வந்திட்டுது. அப்பாதான் வைக்கச் சொன்னவர். ஒரு வீட்டுத் திண்ணையிலை சாய்ச்சு வைச்சிட்டு, மழை படாதெண்டு சாறத்தாலை மூடிப்போட்டு வந்தவர்."

1985 இல் யாரோ ஒருவன் மன்றோவின் வீட்டுக்குள் புகுந்து, அடுப்புக் கிளறும் இரும்புக்கோலால் அவருடைய மாண்டலின்களை அடித்து நொறுக்கினான். அவற்றுள் ஒன்று, 1923 இல் லொய்ட் லோர் கையொப்பமிட்ட கிப்சன் வாத்தியம். நாற்பதுகளில் மயாமியில் ஒரு சிகையலங்காரக் கடையில் தொங்கிக்கொண்டிருந்ததை நூற்றைம்பது டொலருக்கு வாங்கியிருந்தார். சிதறிய சிம்புகளைப் பொறுக்கி எடுத்து, கிப்சன் நிறுவனத்துக் கைவினைஞர் மாதக்கணக்கில் ஒட்டிச் சேர்த்து மீண்டும் பாட வைத்தார். இன்று அது நாஷ்வில் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. தர்மபுரத்துத் திண்ணையில் சாரம் போர்த்தி வைத்த வாத்தியத்துக்கு என்ன நடந்தது என்று தேடுவதற்கு நமக்கு யாரும் இல்லை. எல்லாரும் மனிதர்களையே இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஆதலால், நண்பரே, மாண்டலின் சோற்றுக்கும் கூரைக்கும் முந்தியது என்று நான் வாதாடவில்லை. ஆனால் நீங்கள் கொடுக்கப் போவது சோறும் அல்ல, கூரையும் அல்ல. ஒலிபெருக்கி. ஏற்கெனவே அந்த வட்டாரத்தில் கோயிலுக்கு ஒன்று, தேவாலயத்துக்கு ஒன்று, பாடசாலைக்கு ஒன்று, சனசமூக நிலையத்துக்கு ஒன்று இருக்கிறது. பெருக்குவதற்குத்தான் ஓசை இல்லை.

சில நிபந்தனைகளும் சொல்லிவிடுகிறேன். கையளிப்பு விழா வேண்டாம். வாத்தியங்களின் வயிற்றில் சங்கத்தின் பெயரை எழுத வேண்டாம். பரீட்சை வேண்டாம். சனிக்கிழமை பின்னேரம் மரத்தடியில் வட்டமாக இருக்கட்டும். தெரிந்தவன் வேகமாகவும் தெரியாதவன் மெதுவாகவும் வாசிக்கட்டும். ஒவ்வொருத்தருக்கும் ஒரு முறை வரும், வராவிட்டால் தலையை ஆட்டி அடுத்தவருக்கு விட்டுவிடலாம். கென்ரக்கியில் அப்படித்தான் செய்கிறார்கள், எங்கள் முற்றங்களிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தோம். முக்கியமாக, கம்பிக்கு ஒதுக்கீடு வேண்டும். வாத்தியம் கொடுக்கும் தர்மவான்கள் கம்பி அறும் என்பதை நினைப்பதில்லை. மாண்டலினில் மேற்சுருதிக் கம்பி மெல்லியது, கடற்காற்றுப் படும் மன்னாரில் விரைவில் துருவேறும். ஆறு வாத்தியத்துக்கு வருடம் ஒன்றுக்குக் குறைந்தது இருபத்துநாலு தொகுதி வைத்துக்கொள்ளுங்கள்.

போன மாசி மாதம் மறுபடி அடம்பனுக்குப் போயிருந்தேன். இந்தமுறை என் மாண்டலினையும் கொண்டுபோனேன். அண்ணாவியாரின் மகளுக்கு இப்போது கல்வீடு இருக்கிறது. டைனமோ மிதித்த பேரன் கட்டாரில் வேலை செய்கிறார். அவருடைய மகனுக்குப் பதினொரு வயது. வாத்தியத்தைக் கண்டதும் கையில் வாங்கி, பிடிக்கத் தெரியாமல் கிற்றார் போலப் பிடித்தான். ஒரு கம்பியில் எப்படி மெட்டில் விரல் வைப்பது என்று காட்டிக் கொடுத்தேன். அரைமணி நேரத்தில் திரைப்படப் பாட்டொன்றின் முதல் அடியைப் பிடித்துவிட்டான். அதன் பிறகு அடுக்களையிலிருந்து பேத்தியாரின் குரல் வந்தது. அவர் தன்பாட்டுக்கு ஏதோ ஒரு தருவை முணுமுணுத்தபடி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். பையன் அதையும் தேடத் தொடங்கினான். இரண்டு இடத்தில் பிழைத்தது. "அதில்லையடா, கீழை இறங்கி வா" என்று அவர் உள்ளே இருந்தே திருத்தினார். மூன்றாவது தடவை இறங்கி வந்தான்.

புறப்படும்போது வாத்தியத்தை அவனிடமே விட்டுவிட்டு வந்தேன். ஓட்டோவில் ஏறிய பிறகு ஓடிவந்து கேட்டான்.

"ஐயா, இதுக்குக் கம்பி எங்கை வாங்கலாம்?"

லாச்சியில் கிடந்த அந்தப் பழைய பொட்டலத்தைத் திறந்து பார்த்தேன். இருபது வருடத்தில் முழுவதும் துருவேறிவிட்டது. புதிதாக நாலு தொகுதி வாங்கி சென்ற வாரம் பொதியாக அனுப்பியிருக்கிறேன்.